பால் செம்மறியில் பால் குறைந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

செம்மறியைக் கறந்து பிழைக்கும் ஊர்கள் நம் பக்கம் இல்லை. மேச்சேரி, வேம்பூர், சென்னைச் சிவப்பு எல்லாமே கறிக்கும் குட்டிக்கும் வளர்ப்பவை. குட்டி குடித்தது போக மடியில் என்ன மிஞ்சுகிறது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கணக்கு வைக்கிற ஊர்கள் மத்தியதரைக் கடலைச் சுற்றி இருக்கின்றன: தென் பிரான்சில் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்காகக் கறக்கும் லகோன், சார்தீனியத் தீவின் சார்தா, ஸ்பெயினின் மஞ்சேகா, கிரேக்கத்தின் கியோஸ், மேற்காசியாவின் அவாசி. வளைகுடாவில் நம் ஆட்கள் ‘நயீமி’ என்று மேய்த்துவிட்டு வருவதும் இந்த அவாசி வகைதான்.

இந்தக் கட்டுரை லகோனைச் சுற்றியே போகும். பால் செம்மறியில் இவ்வளவு காலம், இவ்வளவு ஒழுங்காகப் பதிவேடு வைத்த இனம் வேறு கிடைப்பது கடினம். 1960 வாக்கில் ஒரு கறவைக் காலத்துக்கு 80 லிட்டர் அளவில் இருந்த லகோன், 1990களின் முடிவில் 270 லிட்டரைத் தொட்டது. அந்த ஏற்றத்தில் மரபுக்கும் பங்கு உண்டு, தீவனத்துக்கும் மேலாண்மைக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்தான் பால் குறைந்ததும் “ரத்தம் சரியில்லை” என்று கிடாவை மாற்றக் கிளம்புகிறார். கிடா மாறும், பால் மாறாது.

ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் கேட்க வேண்டியது: குறைந்தது மந்தைக்கா, ஒரு ஆட்டுக்கா? மந்தைக்கே என்றால் மரபை மறந்துவிடுங்கள். ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் மந்தையின் மரபு மாறாது. ஒரே கொட்டிலில், ஒரே தீவனத்தில், ஒரே ஈற்றில் உள்ள ஆடுகளுக்குள் ஒன்று மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பின்தங்கினால் அப்போது மரபைச் சந்தேகிக்கலாம். அதுவும் மடியைத் தொட்டுப் பார்த்த பிறகு.

பதிவேட்டில் குறைகிறது, தொட்டியில் குறையவில்லை

இதை முதலில் முடித்துவிடலாம். தினமும் ஒவ்வோர் ஆட்டின் பாலையும் யாரும் அளப்பதில்லை. மாதம் ஒரு நாள் அளப்பார்கள். செலவைக் குறைக்க அந்த ஒரு நாளிலும் ஒரு வேளைக் கறவையை மட்டும் அளந்து, தொட்டியில் சேர்ந்த அன்றைய மொத்தப் பாலை வைத்து மறுவேளையைக் கணக்கிடும் எளிய முறையும் உண்டு. இந்த முறையில் கறவை நேரம் தள்ளிப்போனாலே கணக்கு புரண்டுவிடும். காலைக் கறவைக்கு முன் 14 மணி நேர இடைவெளி, மாலைக்கு முன் 10 மணி நேரம் என்று ஓடுகிற பட்டியில் ஒரு நாள் மாலைக் கறவை இரண்டு மணி நேரம் பிந்தினால், அடுத்த காலை அளவு குறைந்துதான் வரும். ஆட்டின்மேல் பழி போட ஒன்றுமில்லை.

இன்னொன்று: ரோக்ஃபோர் பகுதியில் குட்டிகள் ஏறக்குறைய நான்கு வாரம் தாயிடம் குடித்த பிறகே கறவை தொடங்கும். அங்கே ‘பால்’ என்று எழுதுவது குட்டியைப் பிரித்த பின் கறந்ததை மட்டும். குட்டி பிறந்த மறுநாளே பிரித்துவிடும் பண்ணையின் எண்ணை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒரு மாதப் பால், அதுவும் உச்சத்துப் பால், காணாமல் போனதாகத் தெரியும். விற்பனை விளம்பரங்களில் இந்தக் குழப்பம் விற்பவருக்குச் சாதகமாகவே இருக்கும், கவனித்திருக்கிறேன். கறவை நாள்களையும் பாருங்கள். 150 நாள் கறந்த ஆட்டையும் 220 நாள் கறந்த ஆட்டையும் மொத்த லிட்டரில் ஒப்பிடுவதில் பொருளில்லை. இரண்டுக்கும் பொதுவான நாள் வரம்பு ஒன்றை வைத்துப் பாருங்கள்.

மந்தை முழுவதும் ஒரே வாரத்தில் பால் இறங்கியது

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். செம்மறிப் பால் கெட்டி. கொழுப்பு 6 முதல் 8 சதவீதம், புரதம் 5 முதல் 6 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு இந்த ஆட்டுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தொட்டியில் பாசி படிந்தாலோ, வெயிலில் நீர் சுட்டாலோ, குழாய் அழுத்தம் குறைந்து தொட்டி மெதுவாக நிரம்பினாலோ அடங்கிப் போகும் ஆடுகள்தான் முதலில் தாகத்தில் நிற்கும். பால் அதே நாளில் குறையும்.

தண்ணீர் சரியென்றால் தீவன மாற்றம். புதிய வைக்கோல் கட்டு, புதிய சைலேஜ் குழி, மேய்ச்சல் நிலம் மாறிய நாள் ஆகியவற்றைப் பால் இறங்கிய தேதியோடு ஒத்துப் பாருங்கள். அடுத்து வெப்பம். பகலில் கொதித்தாலும் இரவு குளிர்ந்தால் ஆடு சமாளித்துவிடும். இரவும் இறுகிக் கிடந்தால் தீவனம் எடுப்பது குறைந்து பாலும் இறங்கும். சிசிலித் தீவின் வல்லே தெல் பெலிச்சே இன ஆடுகளில் செய்த ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது: பால் கொடுக்கும் மரபுத்திறனும் வெப்பம் தாங்கும் மரபுத்திறனும் எதிரெதிராக இழுக்கின்றன. பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்துகொண்டே போனால், கோடைக்கு முதலில் விழும் மந்தையைத்தான் உருவாக்குகிறோம்.

மந்தை முழுக்க இறங்கும்போது தவறவே விடக்கூடாத ஒன்று தொற்றுப் பால்வற்று நோய். மைக்கோபிளாஸ்மா அகலாக்டியே என்ற கிருமியால் வருவது. பால் மஞ்சளாகவோ பச்சை கலந்தோ நீர்த்துப் போகும், சில ஆடுகள் நொண்டும், சிலவற்றுக்குக் கண் சிவந்து நீர் வடியும். மடி, மூட்டு, கண் மூன்றும் ஒரே மந்தையில் சேர்ந்து தென்பட்டால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள்; அவர் வரும்வரை ஆடுகளை வெளியே விற்காதீர்கள், வெளியாடுகளை உள்ளே விடாதீர்கள்.

ஈன்ற பிறகு பால் உச்சத்தைத் தொடவே இல்லை

செம்மறி ஈன்ற மூன்றாவது வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடையில் உச்சப் பால் வரும். அந்த உச்சம் எவ்வளவு உயரம் என்பது பெரும்பாலும் ஈனுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டியின் வளர்ச்சியில் பெரும்பங்கு நடக்கிறது, மடித் திசுவும் அப்போதுதான் கட்டுகிறது. அதே சமயம் வயிற்றில் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆட்டால் நிறையத் தின்ன முடியாது. தேவை ஏறும், கொள்ளளவு இறங்கும். அந்த வாரங்களில் வெறும் வைக்கோலில் நிறுத்திவிட்டு, ஈன்ற பின் அடர்தீவனத்தைக் கொட்டினால் மடி கேட்காது.

ஆட்டின் உடல்நிலையைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம், 1 (எலும்பும் தோலும்) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரை கையால் தடவி மதிப்பெண் போடலாம். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பின்மேல் கையை வையுங்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் முள்ளெலும்புகளைக் கட்டைவிரலால் தடவுங்கள். பக்கவாட்டில் நீளும் எலும்பு முனைகளுக்கு அடியில் மற்ற விரல்களை நுழைத்துப் பாருங்கள். முனைகள் கூராகக் குத்தி, விரல் எளிதாக அடியில் போனால் 1 அல்லது 2. முனைகள் மழுங்கி, அழுத்தினால் மட்டும் தட்டுப்பட்டால் 3. எலும்பே கைக்குத் தெரியவில்லை என்றால் 4க்கு மேல். ஈனும் சமயத்தில் 3 முதல் 3.5 இருக்க வேண்டும். கம்பளிக்கு மேலே கண்ணால் பார்த்து “நல்லா இருக்கு” என்பதை நம்பாதீர்கள். கம்பளி எத்தனையோ மெலிவை மறைத்துவிடும். 4க்கு மேல் போனாலும் சிக்கல்தான்: ஈன்ற பின் தீவனம் எடுக்காது, இரட்டைக் குட்டி சுமந்த கொழுத்த ஆடு சினை நச்சு நோயில் விழும் வாய்ப்பும் கூடும்.

உடல்நிலை சரியாக இருந்தும் உச்சம் தாழ்ந்தால் ஈற்றைப் பாருங்கள். முதல் ஈற்று ஆடு குறைவாகத்தான் கொடுக்கும். மூன்றாவது, நான்காவது ஈற்றில்தான் முழு அளவு வரும். இந்த ஆண்டு மந்தையில் முதல் ஈற்று ஆடுகள் கூடுதலாகச் சேர்ந்திருந்தால் சராசரி தானாகவே இறங்கும், யாருக்கும் நோயில்லை. ஒற்றைக் குட்டி ஈன்றது இரட்டை ஈன்றதைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுப்பதும் இயல்பு. இரண்டு குட்டிகளின் நஞ்சுக்கொடி மடியை அதிகமாகத் தயார்ப்படுத்துகிறது, பிறகு இரண்டு வாய்கள் இழுத்துக் குடிக்கின்றன.

உச்சம் நன்றாக வந்தது, பிறகு சரிவு செங்குத்தாக இருக்கிறது

இதில் பகல் நீளத்துக்கு ஒரு பங்கு உண்டு. பகல் நீளும் பருவத்தில் கறக்கும் ஆடு பாலைத் தாக்குப்பிடித்துக் கொடுக்கும், பகல் குறுகும் பருவத்தில் சீக்கிரம் வற்றும். ரோக்ஃபோர் பகுதியில் குளிர்காலத்தில் ஈன வைத்துக் கோடைவரை கறப்பதற்கு இதுவும் ஒத்துழைக்கிறது. சார்தீனியாவில் வளர்ந்த ஆடுகள் இலையுதிர் காலத்திலேயே ஈன்றுவிடும். பகல் குறுகும் நாள்களில் பால் தளர்ந்து, வசந்தத்தில் புல் தழைத்ததும் மறுபடி ஏறும். அங்கே கறவைக் கோட்டில் இரண்டு மேடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

தீவனப் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது, மாட்டுப் பண்ணையிலிருந்து வருகிறவர்கள் கையோடு கொண்டுவருவது: பால் குறைந்தால் மக்காச்சோளத்தைக் கூட்டு. பசுவில் இது நடக்கலாம். செம்மறியில், கறவைக் காலத்தின் பாதி தாண்டிய பிறகு மாவுச்சத்தைக் கூட்டினால் அந்தச் சக்தி மடிக்குப் போகாமல் முதுகுக் கொழுப்பாகப் படிகிறது. சார்தா ஆடுகளில் இது நன்றாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. நடுக் கறவைக்குப் பிறகு எளிதில் செரிக்கும் நார்ச்சத்துள்ள தீவனமே பொருந்தும்: சர்க்கரை பீட் கிழங்கின் சக்கை, சோயா உமி, நல்ல குதிரைமசால். பால் இறங்கிக்கொண்டே போகிறது, இடுப்பில் கை வைத்தால் எலும்பு மறைந்துகொண்டே வருகிறது என்றால் மாவுச்சத்தைக் குறையுங்கள்.

தீவனமும் பருவமும் சரியாக இருந்தும் சில ஆடுகள் மட்டும் வழுக்கினால், மறைந்திருக்கும் மடிநோய்.

ஒரு பக்க மடி மட்டும் குறைவு. அல்லது எதுவும் தெரியவில்லை, பால் மட்டும் குறைவு

கறவைக்குப் பின் காலியான மடியை இரண்டு கைகளாலும் பிடித்துப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுங்கள். ஒன்று சுருங்கி, உள்ளே கோலிக்குண்டு போலக் கட்டி தட்டுப்பட்டால் பழைய மடிநோயின் வடு. அந்தப் பாதி இனி முழு அளவுக்குத் திரும்பாது. இரு பக்கமும் சமமாகக் கல் போல இறுகி, பால் நிறம் மாறாமல், காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் மேடி-விஸ்னா என்ற வைரஸ் நோயைச் சந்தேகித்து ரத்தம் சோதிக்க வேண்டும். மடி நீலம் பாய்ந்து, தொட்டால் சில்லென்று, ஆடு காலை இழுத்து நடந்தால் அது அழுகல் மடிநோய், அன்றே மருத்துவர்.

வெளியே எதுவும் தெரியாதபோது கலிபோர்னியா சோதனை. தட்டின் இரண்டு குழிகளில் பக்கத்துக்கு ஒன்றாக, முதல் பீச்சலை விட்டுவிட்டுச் சிறிது பாலைக் கறந்து, சம அளவு சோதனைத் திரவத்தை ஊற்றி மெல்லச் சுழற்றுங்கள். நீராகவே ஓடினால் நல்லது. குழியின் அடியில் வழவழவென்று ஒட்டி, சுழற்றும்போது நடுவில் குவிந்தால் அந்தப் பக்கம் வீக்கம் உண்டு. ஒரு எச்சரிக்கை: கறவையின் கடைசி நாள்களில், பால் மிகக் குறைந்த நிலையில், நோயில்லாத ஆட்டுக்கும் செல் எண்ணிக்கை, அதாவது இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும் பாலிலுள்ள உடற்செல்களின் அளவு, ஏறிக் காட்டும். பசுவுக்கு வைத்த வரம்பை அப்படியே செம்மறிக்கு வைப்பதும் சரியில்லை.

செல் எண்ணிக்கையின் மரபுப்பேறு, அதாவது ஆட்டுக்கு ஆடு தெரியும் வேறுபாட்டில் குட்டிக்குக் கடத்தக்கூடிய பங்கு, தாழ்வு: 0.1 முதல் 0.15 அளவு. ஆகவே பொதுவாகக் கறவைச் சுத்தம்தான் பேசும். ஆனால் லகோனில் ஒரு தனிக்கதை உண்டு. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எஸ்.ஓ.சி.எஸ்.2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். அது உள்ள ஆடு உடல் பெருத்திருக்கும், பாலும் கூடக் கொடுக்கும், மடிநோயும் எளிதில் பிடிக்கும். பாலுக்காகத் தேர்ந்தவர்கள் தெரியாமலே அந்த மாற்றத்தையும் சேர்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். நல்ல கறவையாட்டுக்கு அடிக்கடி மடிநோய் வருகிறதே என்று புலம்பும் பண்ணையில், அது வெறும் புலம்பலாக இல்லாமலும் போகலாம்.

மடியில் பால் இருக்கிறது, இயந்திரத்தில் வரவில்லை

மாட்டுக்கு வைத்த அமைப்பில் ஆட்டைக் கறக்கிறீர்களா என்று பாருங்கள். செம்மறிக்கு இயந்திரத்தின் வெற்றிட அழுத்தம் 36 முதல் 40 கிலோபாஸ்கல், காம்பை இறுக்கி விடும் அதன் துடிப்பு நிமிடத்துக்கு 120 முதல் 180. மாட்டுக்குத் துடிப்பு 60 பக்கம்தான்.

அமைப்பு சரியென்றால் காம்பு. சில ஆடுகளுக்குக் காம்பு பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், பால் தேங்கும் பை காம்புக்குக் கீழே தொங்கும். கறவைக் குழலைக் கழற்றிய பிறகும் அடியில் பால் நிற்கும். மடியைக் கையால் தூக்கினால் மறுபடி இறங்கும். காம்பின் சாய்வும் மடியின் தொங்கலும் நன்றாகவே மரபில் இறங்குபவை, பாலின் மரபுப்பேற்றுக்குக் குறையாதவை. கொள்ளளவுக்கு மட்டும் பல பத்தாண்டுகள் தேர்ந்தால் மடி பெருத்துத் தொங்கும் என்பதைப் பார்த்த பிறகே, 2000களில் லகோன் தேர்வில் மடி அமைப்பையும் செல் எண்ணிக்கையையும் சேர்த்தார்கள்.

குட்டியைப் பிரித்ததும் பால் சரிந்தது. அல்லது குட்டி கூட இருக்கும்போது கொழுப்பு மட்டும் இறங்குகிறது

பிரித்த நாளில் பால் குறைவது இயல்புதான். குட்டி நாள் முழுக்கப் பல முறை மடியைக் காலி செய்துகொண்டிருந்தது, இப்போது நாளைக்கு இரண்டு முறை. அந்தக் குறைவு மீளாது. கறவையை ஒரு வேளையாகக் குறைத்தாலும் இதே கதைதான், ஆனால் இனத்துக்கு இனம் அளவு மாறும். மடிக்குள் பை பெரிதாக உள்ள லகோன் அதிக நேரம் தாங்கும்.

கொழுப்புக் கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்பூனர் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு முறையைச் சோதித்தார்கள்: பகலில் குட்டி தாயோடு, இரவில் தனியே, காலையில் ஒரு கறவை. பால் அளவு மோசமில்லை, கொழுப்பு மட்டும் வெகுவாகக் குறைந்தது. காரணம், ஆடு பாலை அடக்கிக்கொள்கிறது. மடியில் பால் இரண்டு இடங்களில் இருக்கும். அடிப்பையில் தேங்கியது தானாக வரும். மேலே நுண்ணறைகளில் இருப்பது ஆக்சிடோசின் சுரந்தால்தான் இறங்கும், கொழுப்பில் பெரும்பங்கு அங்கேதான். குட்டிக்காகக் காத்திருக்கும் தாய் இயந்திரத்துக்கு ஆக்சிடோசினைச் சுரப்பதில்லை. குட்டியை முழுவதுமாகப் பிரித்ததும் கொழுப்பு ஏறிவிடும், தீவனத்தில் கைவைக்கத் தேவையில்லை.

பால் கூடியது, பாலாடைக்கட்டி கூடவில்லை

இது மரபு செய்யும் வேலை. செம்மறிப் பால் குடிக்கப் போவதில்லை, கட்டியாகத்தான் போகிறது. பால் அளவுக்கும் கொழுப்பு, புரத சதவீதத்துக்கும் இடையில் மரபுத் தொடர்பு எதிர்மறை. லிட்டரை மட்டும் பார்த்துக் கிடா தேர்ந்தால் சில தலைமுறையில் பால் நீர்க்கும். லகோனிலும் முதலில் அளவைத்தான் பார்த்தார்கள், 1980களில் கொழுப்பையும் புரதத்தையும் தேர்வுக் கணக்கில் சேர்த்தார்கள். சதவீதங்களின் மரபுப்பேறு பாலைவிட உயர்வு, ஏறக்குறைய 0.5. ஆகவே விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியும். ஆனால் கிடா வாங்கும்போது லிட்டர் எண்ணோடு கொழுப்பு, புரத எண்களையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

நம்பர் ஒன் ஆட்டின் மகள் சுமாராகத்தான் கறக்கிறது

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். ஹெரிட்டபிலிட்டி என்று வகுப்பில் சொல்லித்தருவார்களே, அந்த மரபுப்பேறு புரிந்தால் இந்தக் கேள்வி எழாது. பால் அளவின் மரபுப்பேறு ஏறக்குறைய 0.3. ஓர் ஆட்டின் பாலில் முப்பது சதவீதம் மரபால் வருகிறது என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு, அப்படி இல்லை. ஒரு மந்தைக்குள் ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே தெரிகிற வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குட்டிக்குக் கடத்தக்கூடிய மரபு வேறுபாடு என்றே பொருள். மிச்சம் ஈன்ற மாதம், அந்த ஆண்டுப் புல், உடல்நிலை, அன்றைக்கு யார் கறந்தார் என்பது வரை எல்லாம்.

எண்ணில் பார்ப்போம். மந்தைச் சராசரி 250 லிட்டர். உங்கள் நம்பர் ஒன் ஆடு 350 கொடுத்தது, 100 லிட்டர் மேலே. ஒரே ஒரு கறவைக் காலப் பதிவுதான் இருக்கிறது என்றால் அதன் மரபு மதிப்பு (மரபால் மட்டும் சராசரிக்கு மேலே நிற்கும் அளவு) 0.3 பெருக்கல் 100, அதாவது 30 லிட்டர் என்றுதான் மதிப்பிடலாம். மகளுக்கு அதில் பாதி, 15. கிடா சராசரி என்றால் மகளிடம் எதிர்பார்க்க வேண்டியது 265, அதுவும் மகள் முழு வளர்ச்சி ஈற்றுக்கு வந்த பிறகு. முதல் ஈற்றில் மகள் 190 கறந்தால் அதை அம்மாவின் 350க்குப் பக்கத்தில் வைத்து முகம் சுருக்காதீர்கள். அதே ஆண்டு முதல் ஈற்று ஈன்ற மற்ற ஆடுகளின் பக்கத்தில் வையுங்கள்.

265 என்பது சராசரி எதிர்பார்ப்பு. மந்தையில் ஆட்டுக்கு ஆடு திட்ட விலக்கம் 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இப்படிப்பட்ட பத்து மகள்களில் ஏறக்குறைய நான்கு மந்தைச் சராசரிக்குக் கீழேயே நிற்கும். அது கணக்குப்படியே நடப்பது.

அம்மாவுக்கு மூன்று கறவைக் காலப் பதிவு இருந்து, மூன்றின் சராசரியும் 100 லிட்டர் மேலே என்றால் நம்பிக்கை கூடும். ஒரே ஆடு ஆண்டுக்கு ஆண்டு தன் இடத்தில் நிற்கும் அளவான மீள்திறன் 0.5 என்று கொண்டால் மரபு மதிப்பு 45க்கு ஏறும். மூன்று மடங்கு ஏறவில்லை பாருங்கள். பதிவு கூடக் கூடக் கிடைக்கும் கூடுதல் தகவல் குறைந்துகொண்டே போகும். ஆகவே ஆட்டைக் கழிக்கவோ வைக்கவோ முடிவெடுக்க இரண்டு, மூன்று பதிவு போதும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: தீவனம் குறைந்த பட்டியில் மரபுப்பேறும் சுருங்கித் தெரியும். எல்லா ஆடும் அரைவயிறு என்றால் 350 லிட்டர் மரபுள்ளதும் 250 லிட்டர் மரபுள்ளதும் ஒன்றுபோலத்தான் கறக்கும். அங்கே தேர்வு செய்வது இருட்டில் எடை போடுவது.

புதுக் கிடா வந்தது, பால் ஏறவில்லை

எத்தனை மகள்களை வைத்துச் சொல்கிறீர்கள்? மூன்று மகள்கள், சம ஈற்று ஆடுகளைவிடச் சராசரியாக 20 லிட்டர் கூடக் கறக்கின்றன என்றால் கிடாவின் மரபு மதிப்பு வெறும் 8 லிட்டர் என்றுதான் கணக்கு சொல்லும். அதே 20 லிட்டர் வித்தியாசத்தை இருபது மகள்கள் காட்டினால் 25 லிட்டர். கிடா அதேதான், நம்மிடம் உள்ள சான்றின் எடைதான் மாறியது. கீழ்நோக்கியும் இதே கணக்கு. இரண்டு மகள்கள் சுமார் என்பதற்காகக் கிடாவை அறுப்புக்கு அனுப்புகிறவர் நல்ல கிடாவையும் சேர்த்து அனுப்புகிறார்.

மகள்கள் எல்லாம் ஒரே கொட்டிலில், நல்ல தீவன வரிசையில் இருந்தனவா என்றும் பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய கிடாவின் குட்டிகளுக்குத் தனிக் கவனிப்பு கிடைப்பது உலக வழக்கம். பிறகு அந்தக் கவனிப்பு கிடாவின் பெயரில் வரவு வைக்கப்படும்.

இனம் ஊருக்குப் பொருந்தாததும் நடக்கும். கிழக்கு ஃப்ரீஷியன் குளிர்நாட்டில் 500 லிட்டருக்கு மேல் கறக்கிற இனம். தூய இனமாகவே அதை மத்தியதரைக் கடல் வெயிலுக்குக் கொண்டுபோன இடங்களில் நிமோனியாவிலும் வெப்பத்திலும் தவித்தது. இஸ்ரேலில் அதை உள்ளூர் அவாசியோடு கலந்து அசாஃப் என்ற இனமாக நிலைநிறுத்தினார்கள். ஸ்பெயினிலும் இன்று அசாஃப் பெருமளவில் கறக்கப்படுகிறது. தமிழ்நாட்டுக்குப் பால் செம்மறி கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் லிட்டர் எண்ணுக்கு முன் இந்த வெயில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நெருங்கிய உறவுச் சேர்க்கையையும் பதிவேட்டில் தேடுங்கள். நல்ல கிடா என்று அதையே அதன் மகள்கள் மேலும் விட்டால் பால் இறங்கும், குட்டி இறப்பும் கூடும். கிடா பெயரும் தாய் எண்ணும் எழுதாத பட்டியில் இது நடந்ததே தெரியாது.

கடைசியாகக் கால அளவு. இந்த இலையுதிர் காலத்தில் கிடா விட்டால் ஐந்து மாதத்தில் குட்டி. அந்தப் பெட்டைக்குட்டி ஒரு வயது தாண்டி முதல் ஈற்று. பிறகு ஒரு கறவைக் காலம் முடிய வேண்டும். கிடாவைப் பற்றி வாய் திறக்கவே ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆகும். லகோனில் 2015இலிருந்து குட்டிக் கிடாவின் மரபணுத் தகவலைப் பார்த்தே, மகள்கள் கறக்கும்வரை காத்திராமல் தேர்வு செய்கிறார்கள். ஆனால் அந்தக் கணிப்பு நிற்பது பல்லாயிரம் ஆடுகளின் பல்லாண்டுக் கறவைப் பதிவின் மேல். பதிவேடு இல்லாத பட்டிக்கு மரபணுச் சோதனைச் சீட்டை விற்க வருகிறவரிடம், எந்த மந்தையின் பாலை வைத்து இந்த எண்ணைக் கணித்தீர்கள் என்று கேளுங்கள்.